அரசர் காதில் விழுந்த உறைபனி

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், மார்கழி மாதம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும், மகுடவர்மர் என்ற அரசர் ஒருவர் தும்மிக்கொண்டிருந்தார். ஒன்று இரண்டு அல்ல. அடைத்த மூக்கும் சிவந்த கண்ணுமாக விடிந்ததிலிருந்து தும்மு தும்மென்று தும்மினார். அரண்மனை வைத்தியர் சுக்குக் கஷாயம் கொடுத்துப் பார்த்தார், நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார். ஒன்றுக்கும் அந்தத் தும்மல் மசியவில்லை.

விஷயம் இதுதான். முந்தின நாள் காலை, வெயில் இதமாக இருக்கிறதே என்று மெல்லிய பட்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு அரசர் நந்தவனத்தில் உலாவப் போனார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை பிடிக்கிற ஆள் ஓடி வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார். நீங்களும் நானும் நனைந்தால் தலையைத் துவட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். அரசர் நனைந்தால் அவை கூடும்.

"என் நாட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மழை பெய்வதா?" என்றார் மகுடவர்மர். "இனிமேல் நாளைய வானிலை இன்றே எனக்குத் தெரிந்தாக வேண்டும். மலைக்கும் சொல்ல வேண்டும், சமவெளிக்கும் சொல்ல வேண்டும். முரசு அடித்து அறிவிக்க வேண்டும். முரசு சொன்னபடிதான் குடிமக்கள் நடக்க வேண்டும். ஹச்!"

அந்த நாடு பாதி மலை, பாதி சமவெளி. தலைநகரம் சமவெளியில் இருந்தது. மார்கழி வந்தால் சமவெளியில் மூடுபனியும் எதிர்பாராத மழையும். மலையிலோ உறைபனி. ஒரே இரவில் அவரைக்கொடியைக் கருக்கிவிடுகிற பொல்லாத பனி. இந்த இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே சொல்ல யாரால் முடியும்? மந்திரிகள் எல்லோரும் திடீரென்று தங்கள் கால் விரல்களை மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போது முன்னால் வந்தார் அரண்மனைச் சோதிடர் அம்பலக்கூத்தர். நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் ஏட்டுக்கட்டு, முகத்தில் எப்போதும் ஒரு அரைச் சிரிப்பு. "அடியேன் இருக்க அரசர் கவலைப்படலாமா? கோள்கள் என் கைக்குள் அடக்கம்," என்றார். அன்றைக்கே பொறுப்பு அவரிடம் போய்விட்டது.

கேட்டால் நம்பமாட்டீர்கள், மனிதர் சொன்னது சொன்னபடி நடந்தது! "நாளை மலையில் உறைபனி விழும்" என்று இன்று அறிவிப்பார். மறுநாள் காலை மலையிலிருந்து ஓலைக்காரன் மூச்சிரைக்க அவைக்குள் வந்து, "அரசே, மலையில் உறைபனி விழுந்தது" என்பான். அரசர் வாயைப் பிளப்பார். சோதிடர் கழுத்தில் ஒரு மாலை விழும். சமவெளிக்கு மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொல்வார்: "மேகம் கூடினால் மழை வரலாம், கலைந்தால் வராது." அதையும் அவை ஆகா ஓகோ என்றது.

சரி, இது எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? அதற்கு அந்த அரண்மனையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சங்கதி அரசர் காதில் என்றைக்கு விழுகிறதோ, அன்றைக்குத்தான் அது நடந்ததாக வைத்துக்கொள்வார்கள். ஆவணியில் எல்லையில் சண்டை ஜெயித்து, சேதி ஐப்பசியில் வந்தால் வெற்றி ஐப்பசியில்தான். தொலைதூரக் காவல்கோட்டத்துத் தலைவருக்கு ஆண் குழந்தை பிறந்த சேதி ஒருமுறை ஒன்றரை வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. தகப்பனே அந்தக் குழந்தையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். "இன்று பிறந்த பிள்ளை இன்றே நடக்கிறதே!" என்று அரசர் வியந்தார். அவையும் வியந்தது. வியக்காமல் இருக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த அவையில் துணிச்சல் உள்ள ஆள் ஒருவன்தான். விகடகவி ஆண்டியப்பன். ஒல்லியான உடம்பு, பெரிய காது, குளிர் என்றால் ஆகாது. மார்கழி பிறந்துவிட்டால் இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய அவையில் உட்கார்ந்திருப்பான். அவனைக் கண்டால் அரசருக்குச் சிரிப்பு வரும், அம்பலக்கூத்தருக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் மத்தியானம் ஆண்டியப்பன் வீட்டில் சாப்பிட உட்காரும்போது அவன் மைத்துனன் சடையன் வாசலில் வந்து நின்றான். ஆண்டியப்பன் மனைவி பேச்சியம்மை மலையில் பிறந்தவள். சடையன் அவள் தம்பி, மலையில் அவரை போட்டுப் பிழைப்பவன். அவன் கையில் ஒரு அவரைக்கொடி இருந்தது. இலையெல்லாம் தீயில் காட்டினது போலக் கருகித் தொங்கியது.

"என்னடா இது, வெறுங்கையா வந்தாலும் பரவாயில்ல, இதையா கொண்டு வருவே?" என்றாள் பேச்சியம்மை.

"கொண்டு வர்றதுக்கு வேற என்னக்கா இருக்கு?" என்றான் சடையன். உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மச்சான், நீங்களாவது கேளுங்க. வெள்ளிக்கிழமை எங்க மலையில பனி கொட்டுச்சு. அடுத்த வாரம் சனிக்கிழமை முரசுக்காரன் மேல ஏறி வந்து, 'நாளைக்கு உறைபனி, நாளைக்கு உறைபனி'ன்னு அடிக்கிறான். மறுநாள் பார்த்தா சுள்ளுன்னு வெயிலு! ஆனா முரசு சொல்லிருச்சாம். கொடி மேல புல்லைப் போட்டு மூடு, வரப்புல புகை போடுன்னு வீரனுங்க தலைமாட்டுல நிக்கிறானுங்க. வெயில்ல மூடி வச்சா கொடி அவிஞ்சு போகாதா?"

"நிஜமாப் பனி வர்றப்ப மூடிக்க வேண்டியதுதானேடா?"

"அங்கதான் மச்சான் வயித்தெரிச்சலே. காத்து நின்னு, வானம் ஒரு பொட்டு மேகமில்லாமக் கெடந்தா ராத்திரி பனி உண்டுன்னு எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும். மூடப் போனா, 'முரசு தெளிவான வானம்னுதான் சொல்லியிருக்கு, முரசை மீறுறியா?'ன்னு புல்லைப் பிடுங்கிப் போடுறானுங்க. பாதிக் கொல்லை போச்சு. மீதிப் பாதி நிக்குது. அதுவும் போச்சுன்னா வருசம் பூரா நாங்க என்னத்தைத் திங்கிறது? சொல்லுங்க."

பேச்சியம்மை புருஷனைப் பார்த்தாள். ஆண்டியப்பன் சோற்றில் கை வைக்கவில்லை. "வெள்ளிக்கு விழுந்த பனிக்கு மறு சனிக்கிழமை முரசா? எட்டு நாள் ஆச்சே. ஓலைக்காரன் கீழ இறங்க எத்தனை நாள்டா?" என்று கேட்டான்.

"மூணு நாள். முரசுக்காரன் ஏற நாலு நாள். இடையில ஒரு நாள்... ஓலைக்காரன் மாரப்பன் சோதிடர் வீட்டுல விருந்து சாப்பிடுவான். அது ஊருக்கே தெரியுமே! இன்னிக்குக்கூட நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இறங்கினோம். அவன் நேரா அந்த வீட்டுக்குள்ள போயிட்டான். நாளன்னிக்குத்தான் அரண்மனைக்குப் போவான். நெய்ப்பொங்கல், வடை, பாயசம்னு பெருமை வேற அடிக்கிறான்."

ஆண்டியப்பனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓலைக்காரனை வீட்டில் மடக்கி உட்கார வைத்து, வயிற்றுக்கும் போட்டு, வாயிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு, நடந்து முடிந்த பனியை 'நாளைக்கு' என்று விற்கிறார் மனிதர். அரசரோ காதில் விழுந்த நாள்தான் நடந்த நாள் என்று நம்புகிறவர். மலைக்காரன் வாயில் மண். ஆண்டியப்பனுக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குளிரே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாரப்பன் அவைக்கு வந்து சேதி சொல்லி, அரசர் சோதிடரைப் புகழ்ந்து முடித்ததும் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கனைப்புக் கேட்டது.

"அரசே, சோதிடர் பிழையே செய்வதில்லை. பிழை செய்வது பனிதான். அவர் முரசு மலை ஏறும் வரை காத்திருக்காமல் எட்டு நாள் முன்னதாகவே விழுந்துவிடுகிறது."

அவையில் ஒரு சிரிப்புக் கிளம்பி, அம்பலக்கூத்தர் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அரசர் சிரிக்கவில்லை. "என்ன உளறுகிறாய், ஆண்டியப்பா? பனி விழுந்த சேதி என் காதுக்கு வந்ததே இன்று காலையில்தான். அதற்கு முன்னால் அது எப்படி விழும்?" என்றார்.

அம்பலக்கூத்தர் விடுவாரா? இப்படி ஒரு நாளுக்காக அவர் எத்தனை வருஷமாகக் காத்திருந்தார்! கைகளைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "அரசே, அடியேனைப் பழித்தால் பொறுத்துக்கொள்வேன். தங்கள் முரசை அல்லவா இவர் பழிக்கிறார்? இவ்வளவு தெரிந்தவர் தாமே ஒருமுறை சொல்லிக் காட்டட்டும். மலையின் வானிலை, சமவெளியின் வானிலை, இரண்டையும் ஒருநாள் முன்னதாக அவையில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி, நாட்டு எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட வேண்டும்."

"அதுவே சரி," என்றார் அரசர். ஜலதோஷம் பிடித்த மனிதர், யோசிக்கப் பொறுமை இல்லை.

ஆண்டியப்பன் எழுந்து நின்றான். "ஆணை, அரசே. பன்னிரண்டு நாள் தவணை கொடுங்கள். பதினோராம் நாள் சொல்கிறேன், பன்னிரண்டாம் நாள் நடக்கும். ஆனால் நடந்ததா இல்லையா என்று தீர்மானிப்பது எப்படி? அதைச் சோதிடரே சொல்லிவிடட்டும், பிறகு வம்பு வேண்டாம்."

"இது என்ன கேள்வி?" என்றார் அம்பலக்கூத்தர். "அரண்மனை வழக்கம் இருக்கிறதே. அரசர் காதில் என்று விழுகிறதோ, அன்றுதான் நடந்தது. அரசர் காதில் விழாதது நடக்கவே இல்லை."

"அப்படியே ஆகட்டும்," என்று அரசரும் தலையசைத்தார். "நீ வென்றால் என்ன வேண்டும்?"

"வென்ற பிறகு கேட்கிறேன், அரசே. இப்போதே கேட்டால் சோதிடருக்குத் தூக்கம் போய்விடும்."

வீட்டுக்கு வந்ததும் ஆண்டியப்பன் சடையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் காதோடு காதாகப் பேசினான். சடையன் கேட்டுவிட்டு முதலில் விழித்தான், பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான், சோறு தின்ற கையோடு மலைக்குக் கிளம்பிவிட்டான். சமவெளியில் இரண்டு நாள் நடைத் தூரத்தில் ஒரு நெற்களம் இருந்தது. ஆண்டியப்பன் அங்கேயும் ஒரு நடை போய் வந்தான்.

அப்புறம் நாட்கள் ஓடின. அம்பலக்கூத்தர் வீட்டில் தினமும் பாயசம். ஊரில் ஒரு கழுதையைத் தேடிப்பிடித்து, குளிப்பாட்டி, புல் போட்டுக் கொழுக்க வைத்தார்கள். அதை அவரே தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் நாள் அவை நிரம்பி வழிந்தது. ஆண்டியப்பன் எழுந்து, கம்பளியைச் சரிசெய்துகொண்டு சொன்னான்:

"அரசே, நாளைக் காலை மலையில் உறைபனி விழும். அதே வேளையில், அதே ஊரில், முதுகைப் பொசுக்கும் வெயில் அடிக்கும். அதே வேளையில், அதே ஊரில், அடைமழையும் பெய்யும். இது மலைக்கு. சமவெளியில் ஒரே நெற்களத்தில், ஒரே வேளையில், நெல் வெயிலில் காயவும் செய்யும், மழையில் நனையவும் செய்யும்."

அவையே வெடித்துச் சிரித்தது. மந்திரிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அம்பலக்கூத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், குளிரில் மூளை உறைந்துவிட்டது," என்றார். அரசர் மட்டும் வருத்தப்பட்டார். எத்தனையோ நாள் தன்னைச் சிரிக்க வைத்தவன் ஆயிற்றே. "ஆண்டியப்பா, மாற்றிச் சொல்ல வேண்டுமானால் இப்போதே சொல்," என்று தணிந்த குரலில் கேட்டார்.

"மாற்ற ஒன்றும் இல்லை, அரசே."

மறுநாள் காலை, ஆண்டியப்பன் கிளம்பும்போது பேச்சியம்மை ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தாள். "இது எதுக்கு?" என்றான்.

"கழுதை மேல ஏத்திட்டா அப்படியே போயிருவீங்க. குளிர் தாங்காதுல்ல, அதான் இன்னொரு கம்பளி. கழுதை மேல நீங்க போங்க, பக்கத்துல நான் நடந்து வர்றேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆண்டியப்பனுக்கு அன்றைக்கு முதல் தடவையாக ஒரு விகடமும் வாயில் வரவில்லை. மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தான்.

அரண்மனை வாசலில் கழுதை நின்றது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கரி, ஒரு கிண்ணத்தில் செம்மண். அவைக்குள் மகுடவர்மர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். பலகணி வழியாக மெல்லிய மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"எங்கே ஐயா உமது உறைபனி? எங்கே உமது வெயில்?" என்று ஆரம்பித்தார் அம்பலக்கூத்தர்.

"வாசலில் நிற்கின்றன, ஐயா. காவலர் விட்டால் உள்ளே வரும்."

கதவு திறந்தது. மூன்று மலைக்காரர்களும், சமவெளிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். ஐந்து பேருடைய காலிலும் வழிப்புழுதி.

முதலில் சடையன் விழுந்து கும்பிட்டான். "சாமி, எங்க ஊருல உறைபனி விழுந்திருச்சு. கொடியெல்லாம் வெள்ளையாப் போச்சு."

அடுத்து மாதி என்ற மலைக்காரி. பேச்சில் பயமே இல்லாத பொம்பிளை. "சாமி, எங்க ஊருல வெயிலு முதுகைப் பொசுக்குது. கொடியெல்லாம் தலை தொங்கிப் போச்சு."

மூன்றாவதாகக் கெம்பன். "சாமி, எங்க ஊருல அடைமழை. ஓடையில தண்ணி இடுப்பளவு ஓடுது."

அரசர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் மூவரும் ஒரே ஊரா?"

"ஒரே ஊரு சாமி. அடுத்தடுத்த கொல்லை," என்றாள் மாதி.

அரசர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் சமவெளிக்காரர் முந்திக்கொண்டார். "அரசே, நம்ம களத்துல நல்ல வெயிலு. நெல்லு சலசலன்னு காயுது."

"காயுதா!" என்று பாய்ந்தாள் அவர் மனைவி. "அரசே, இந்த மனுசன் நெல்லை அப்படியே போட்டுட்டு முந்திக் கிளம்பிட்டாரு. இவரு தலை மறைஞ்சதும் மழை கொட்டுது! அத்தனை நெல்லும் நனைஞ்சு ஊறிக் கெடக்குது! அள்ள ஒரு ஆளு இல்ல!"

"மழையா? நான் வர்றப்ப ஒரு மேகம் இல்லையேடி?"

"நீங்க எப்ப மேல பார்த்தீங்க?"

புருஷன் பெண்டாட்டி சண்டையை அரண்மனையில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று யாரோ அதட்டினார்கள். ஆண்டியப்பன் நடுவில் வந்து நின்று அரசரை வணங்கினான்.

"அரசே, உறைபனி தங்கள் காதில் விழுந்தது எப்போது?"

"இப்போது."

"வெயிலும் மழையும்?"

"அவையும் இப்போதுதான்." அரசர் நெற்றியைச் சுருக்கினார். "நெல் காய்ந்ததும் நனைந்ததும் இப்போதுதான்."

"அரசர் காதில் என்று விழுகிறதோ அன்றுதான் நடந்தது. நான் சொன்னது இல்லை, சோதிடர் வாயால் வந்தது. ஆக, மலையில் மூன்றும் சமவெளியில் இரண்டும் இன்று காலை, ஒரே வேளையில் நடந்துவிட்டன. நேற்று அடியேன் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை."

மந்திரிகள் மீண்டும் கால் விரல்களைத் தேடினார்கள். கையில் கிடைத்தது நழுவுகிறதே என்ற பதற்றத்தில் அம்பலக்கூத்தர் நிதானத்தை விட்டுவிட்டார்.

"மோசடி, அரசே, மோசடி! இவை ஒரே நாளில் நடந்தவை அல்ல! மலையில் மழை பெய்தது செவ்வாய்க்கிழமை! வெயில் அடித்தது புதன்கிழமை! பனி விழுந்தது வியாழன்! ஆளுக்கொரு நாள் கிளம்பி வந்து, சத்திரத்தில் ஒன்றாகக் கூடி, இன்றைக்கு வந்து ஒப்பிக்கிறார்கள்!"

"அப்படியா?" என்றான் ஆண்டியப்பன் மிகவும் மரியாதையாக. "இன்று திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மழை சங்கதி அரசர் காதுக்கே இப்போதுதான் வருகிறது. தங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"எனக்கு ஓலைக்காரன் நேற்றே..." என்று ஆரம்பித்தவர், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோசனம்? சொல் வெளியே வந்துவிட்டது.

மகுடவர்மர் சிம்மாசனத்திலிருந்து முன்னால் சாய்ந்தார். "ஓலைக்காரனைக் கூப்பிடுங்கள்."

மாரப்பன் வந்தான். அவன் வாயில் பொய் நிற்காது. எங்கே தங்குவாய் என்று கேட்டதும், "சோதிடர் வீட்டுலதான் சாமி. சேதியைச் சொல்லிட்டு ரெண்டு நாள் சாப்பிட்டுட்டு, அப்புறமா ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கிக்கிட்டு அவைக்கு வரணும்னு ஐயா சொல்லிக் குடுத்தாரு," என்று மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தான்.

சிரிக்க வேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அரசர் சிரிக்கவில்லை. அவருக்கு வேறொரு சங்கடம். சோதிடர் பொய்யர் என்றால் தம் காது? "அப்படியானால்," என்று மெதுவாகக் கேட்டார், "என் காதில் விழாமலேயே என் நாட்டில் சங்கதிகள் நடந்துகொண்டா இருக்கின்றன?"

மாதிதான் பதில் சொன்னாள். மடியிலிருந்து ஒரு கருகின கொடியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"சாமி, எங்களுக்கு இலை கருகுன அன்னிக்கே நடந்துபோச்சு. உங்க காதுக்கு வர அஞ்சு நாளாச்சு. அப்புறம் முரசு எங்க கிட்ட ஏறி வந்து, 'நாளைக்கு'ன்னு சொல்லுச்சு. பனி கொட்டுன ராத்திரி நானு புல்லுக்கட்டைத் தலையில வச்சுக்கிட்டு, மூடவும் முடியாம, சும்மா நிக்கவும் முடியாம, என் கொடி சாகறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன் சாமி."

அரசர் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மழையில் நனைந்ததற்கு நாட்டையே கூட்டித் தும்மியவர் அவர். இவள் கொல்லை கருகியதற்கு ஒரு குரலும் அவர் காதுக்கு வரவில்லை. வந்தபோதும் அவர் சோதிடருக்கு மாலை அல்லவா போட்டார்?

"தப்பு என் பேரில்," என்றார். அரசர் வாயிலிருந்து அந்த அவை அதுவரை கேட்டிராத வார்த்தை அது. பிறகு நிமிர்ந்தார். "இன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது. எது எங்கே என்று நடந்ததோ, அங்கே அன்றுதான் நடந்தது. அம்பலக்கூத்தரே, வாசலில் ஒரு கழுதை தயாராக நிற்கிறதாமே?"

சோதிடர் காலில் விழுந்துவிட்டார். ஆண்டியப்பன் குறுக்கே புகுந்தான். "அரசே, புள்ளி குத்த வேண்டாம். நாடு கடத்தவும் வேண்டாம். உறைபனியைப் பற்றி இவ்வளவு சொன்னவர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தை முடியும் மட்டும் மாதியின் கொல்லையில் புல் சுமக்கட்டும்."

"புல்லை ஒழுங்காப் பரப்பத் தெரியுமா சாமி இவருக்கு?" என்று மாதி சந்தேகமாக அவரை மேலும் கீழும் பார்த்தாள். அதில்தான் அரசருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. பனியும் வெயிலும் மழையும் ஒரே வாசலில் வரிசையில் நின்றது நினைவுக்கு வந்து, நெல்லை விட்டுவிட்டு வந்தவர் நினைவுக்கு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் அடைத்திருந்த மூக்கே திறந்துகொண்டது. வைத்தியருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

"ஆண்டியப்பா, நீ வென்றாய். கேள், என்ன வேண்டும்? அம்பலக்கூத்தரின் பதவி வேண்டுமா?"

"ஐயோ, வேண்டாம் அரசே. அடியேனுக்கு வேண்டியது அந்த முரசு."

"முரசா? அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?"

"மலைக்கு அனுப்புவேன். மலைக்காரர்கள் கையில் கொடுப்பேன். பனி வருமா வராதா என்பது அவர்களுக்குத் தெரியும். மேல் ஊரில் பார்த்தவர் அடித்தால் கீழ் ஊரில் கேட்டவர் மூடிக்கொள்வார். யாரும் யாருடைய புல்லையும் பிடுங்கக்கூடாது. சமவெளிக் களத்துக்கும் ஒன்று கொடுங்கள்." கண்ணைச் சிமிட்டினான். "அதை அந்த அம்மாள் கையில் கொடுங்கள், ஐயா கையில் வேண்டாம்."

அரசர் அங்கேயே ஆணையிட்டார். மலைக்காரர்கள் மூவரும் முரசைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்கள். காற்று நின்றுகொண்டிருக்கிறது, மேகமும் இல்லை, சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று மாதிக்கு ஒரே பறப்பு. பின்னால் கழுதை, கழுதைக்குப் பின்னால் நடையாக அம்பலக்கூத்தர். வாசலில் காத்திருந்த பேச்சியம்மை தன் புருஷன் கழுதைமேல் வரவில்லை என்று கண்டதும், மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். ஆண்டியப்பன் அவளைச் சமாதானப்படுத்துகிறேன் என்று ஆரம்பித்து, தானும் சேர்ந்து அழுததை, பார்த்தவர்களிடம் கேட்டுத்தான் நான் சொல்கிறேன்.

அந்தப் பனிக்காலத்தில் அப்புறமும் நாலு தடவை பனி கொட்டியது. நாலு தடவையும் பொழுது சாய்வதற்குள் முரசு ஒலித்தது, மீதி இருந்த கொல்லை பிழைத்துக்கொண்டது. தை பிறந்து பத்தாம் நாள் சடையன் இரண்டு கூடை அவரைக்காயோடு இறங்கி வந்தான். ஒன்று அக்காள் வீட்டுக்கு, ஒன்று அரண்மனைக்கு.

அன்றைக்கு மத்தியானம் அவரைக்காய்க் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்த மகுடவர்மருக்குப் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. "ஆண்டியப்பா, சாயங்காலம் நந்தவனத்துக்கு உலாவப் போகலாம் என்றிருக்கிறேன். வானிலை எப்படி இருக்கும்? உனக்குத் தோன்றுவதைச் சொல்லேன்."

ஆண்டியப்பன் இரண்டு கம்பளியையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போய், பலகணிக் கதவை விரியத் திறந்தான்.

"இங்கே வந்து பாருங்கள், அரசே."

அரசர் வந்து பார்த்தார். கிழக்கே கருமேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் குழம்பு பரிமாறியவர்கள்கூட ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்து, தம் தோளில் கிடந்த சரிகைப் போர்வையை எடுத்து ஆண்டியப்பனின் இரண்டு கம்பளிக்கும் மேல் மூன்றாவதாகப் போட்டார். பிறகு அரச வாழ்க்கையில் முதல்முறையாக, யாரையும் கேட்காமல், தம் குடையைத் தாமே தேடி எடுத்துக்கொண்டு உலாவப் போனார். அவர் நனையாமல் திரும்பி வந்தார், மலையில் அவரை காய்த்தது. கேட்ட உங்களுக்கும் சொன்ன எனக்கும் ஜலதோஷம் அண்டாமல் இருக்கட்டும்.